விராலிக்கும் ஓர் இடம்

வருஷத்திற்கு ஏறத்தாழ 1500 மில்லிமீட்டர் மழை பெறுகின்ற சேர்வராயன் மலையைக் குறித்து வறட்சி என்று பேசினால், சமவெளியில் வசிப்பவர்களுக்கு அது விநோதமாகப் படக்கூடும். ஆனால் அந்த மழையில் பெரும் பகுதி வைகாசிக்கும் கார்த்திகைக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தது முதல், காப்பி பூப்பதற்காகத் தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கின்ற அந்தப் பூ மழை விழுகிற வரையில், ஏற்காட்டிலிருந்து நாகலூருக்குப் போகும் சாலையோரத்துப் புல் காய்ந்து மஞ்சளாகிறது. பாறைமேல் ஒரு முழம் கனத்திற்குக்கூட மண் இல்லாத சரிவுகளில், பெய்த ஜலமெல்லாம் என்றோ ஓடை வழியே ஓடிப் போய்விட்டபடியால், ஈரமென்று சொல்ல எதுவும் எஞ்சுவதில்லை. இந்த இரண்டு மூன்று மாதங்களைத் தாங்கத் தெரிந்த செடிதான் இந்த மலையின் செடி என்பது என் அபிப்பிராயம். மற்றவை யாவும் மனிதன் தயவில் பிழைப்பவை.

இந்தப் பிரதேசத்தில் இப்போது புதிதாக எழும்புகின்ற வீடுகளும் விடுதிகளும் தங்கள் தோட்டங்களை எவ்வாறு உண்டாக்குகின்றன என்று கவனித்தால், அதில் ஒரு விசித்திரமான கிரமம் புலப்படும். முதல் காரியமாக ஜேசிபி வந்து சரிவை மட்டமாக்குகிறது. அங்கே இயற்கையாக முளைத்து வேரூன்றியிருந்த சகலமும், 'புதர்' என்ற ஒரே பெயரில் வாரிக் கொட்டப்படுகின்றன. பிறகு சேலத்திலிருந்து லாரியில் வண்டல் மண்ணும், பாய் போல் சுருட்டிய கொரியன் புல்லும், ஹைட்ரேஞ்சியாவும், டாலியாவும் மலையேறி வருகின்றன. மழைக்காலம் முழுவதும் எல்லாம் க்ஷேமமாகவே இருக்கிறது. மாசி மாதம் வந்ததும் ஹைட்ரேஞ்சியாவின் அகன்ற இலைகள் உச்சிவேளையில் துவண்டு தொங்க ஆரம்பிக்கின்றன. தோட்டக்காரர் ரப்பர்க் குழாயை எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடுகிறார். கிணறு வற்றினால் விலைக்குத் தண்ணீர் வருகிறது. அதே மாதத்தில் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்பதை நினைக்கையில், புல்தரைக்கு இறைக்கப்படும் அந்த நீர் அழகுக்கான செலவு என்று மாத்திரம் கணக்கெழுதிவிடக் கூடியதல்ல.

அவ்விதம் வாரிக் கொட்டப்படும் புதர்களில் விராலியும் ஒன்று. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

விராலியைக் காணாத தமிழர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். கண்டும் பாராதவர்களே அதிகம். புதுக்கோட்டைப் பக்கத்து விராலிமலையின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆள் உயரமும், சில இடங்களில் அதற்கு மேலும் வளர்கின்ற இந்தச் செடி, சேர்வராயன் மலையின் வெயில் படும் சரிவுகளில், வேறெதுவும் நிலைக்காத சரளை மண்ணிலும் கல்லிடுக்கிலும் செழித்து நிற்கும். இலை நீண்டு ஒடுங்கியது. மெருகெண்ணெய் பூசியதைப் போல மினுமினுப்பது. விரலால் தொட்டால் பிசினாக ஒட்டுவது. அந்தப் பிசின்தான் அதன் கவசம். கடும் வெயிலில் இலையின் ஈரம் ஆவியாகாமல் காப்பதும் அதுவே. கண்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும் ஆடு, விராலியை மட்டும் முகர்ந்துவிட்டு அப்பால் நகர்ந்துபோவதற்குக் காரணமும் அதுவே. பூவைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. இதழே இல்லாத, பசுமஞ்சள் நிறமான சிறு பூக்கள். காற்றை நம்பி மகரந்தத்தை அனுப்புகின்ற செடிக்கு வண்டை அழைக்கும் ஆடம்பரம் எதற்கு? அதன் அலங்காரமெல்லாம் காயில் இருக்கிறது. இரண்டு மூன்று சிறகுகளோடு, காகிதத்தைப் போல மெல்லியதாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் காய்கள், முதலில் பச்சையாயிருந்து, பிறகு இளஞ்சிவப்பாகி, முடிவில் வைக்கோல் நிறத்தில் உலர்ந்து, காற்றில் சலசலத்துக்கொண்டு நெடுநாள் நிற்கின்றன. முடக்கத்தானும் பூந்திக்கொட்டையும் லிச்சியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை; முடக்கத்தான் காயை உடைத்து விளையாடியவர்களுக்கு அந்த உறவுமுறை உடனே விளங்கிவிடும்.

இந்த ஏழைச் செடியின் உறவு நம் மலைகளோடு முடிந்துவிடுவதல்ல. உலகத்தின் உஷ்ணப் பிரதேசங்களில் பெரும்பாலானவற்றில் இதே இனம் சுயமாக வளர்கிறது. ஹவாய்த் தீவுகளில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளில் முதன்முதலாகக் குடியேறும் செடிகளில் இதுவும் ஒன்று; அங்குள்ளவர்கள் இதன் சிவந்த காய்களை மாலையாகத் தொடுத்து அணிகிறார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர்கள், பீர் காய்ச்சுவதற்கு வேண்டிய ஹாப் கிடைக்காத காலத்தில் இதன் காயைப் போட்டுக் காய்ச்சினார்கள். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெம்பர்ட் டோடோயன்ஸ் என்ற பிளெமிஷ் தாவர சாஸ்திரியின் ஞாபகார்த்தமாக இதற்கு டோடோனியா விஸ்கோசா என்று நாமகரணம் செய்தார்கள். நம் கிராமங்களிலோ சுளுக்குக்கும் வீக்கத்திற்கும் இதன் இலையை வதக்கிக் கட்டுவார்கள். கொம்புகளை வேலிக்கும் விறகுக்கும் வெட்டுவார்கள். அதற்கு மேல் அதற்கு ஒரு கௌரவம் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

உள்ளூர்ப் புதருக்குக் கௌரவம் கொடுக்க ஒரு சமூகம் எப்போது முன்வருகிறது என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு திருஷ்டாந்தம். அங்கே மலைச்சரிவுகளில் தானாக வளரும் ஒருவகைக் காட்டுப் பக்வீட் செடி உண்டு. வெள்ளையும் ரோஜா நிறமும் கலந்து பூத்து, கோடை முதிர முதிரத் துருவேறிய இரும்பின் நிறத்திற்கு மாறி, செடியிலேயே உலர்ந்து நிற்பது. வெகுகாலம் அதையும் அங்குள்ளவர்கள் களையென்றே கருதிவந்தார்கள். நாலைந்து வருஷம் தொடர்ந்த வறட்சியின் நடுவே, 2015 ஏப்ரலில், ஆளுநர் ஜெர்ரி பிரௌன் நகரங்களின் நீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்றும், 5 கோடி சதுர அடிப் புல்தரையை அகற்றி வறட்சி தாங்கும் செடிகளை வைக்க வேண்டும் என்றும் உத்தரவு பிறப்பித்தார். பணக்கார நாட்டின் பணக்கார மாநிலம், தன் புல்தரையைத் தானே பெயர்த்தெடுத்துவிட்டு, தான் மிதித்துக்கொண்டிருந்த காட்டுச் செடியைக் காசு கொடுத்து வாங்க நேர்ந்தது. அந்த நிலைமை வரும்வரை நாமும் காத்திருப்பது அநாவசியம்.

விராலியை வளர்ப்பது கஷ்டமான வித்தையல்ல. அதிலுள்ள ஒரே சூட்சுமம் விதையில் இருக்கிறது. காய் வைக்கோல் நிறமாகி, கையால் கசக்கினால் நொறுங்கும் பதத்தில், செடியிலிருந்து உருவியெடுத்துச் சிறகுகளைப் புடைத்துவிட்டால், கருநிறமான சிறு விதைகள் கிடைக்கும். அவற்றின் தோல் மிகவும் கடினமானது. ஜலம் உள்ளே இறங்காது. ஆகையால் அப்படியே விதைத்தவர்கள் ஒன்றிரண்டு முளைத்ததைப் பார்த்துவிட்டு, விதை சொத்தை என்று கைவிட்டுவிடுவார்கள். கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரை விதைமேல் ஊற்றி, அது தானாக ஆறி இரவு முழுவதும் ஊறும்படி விட்டு, மறுநாள் விதைத்தால் அந்தத் தடை நீங்கிவிடும். மணலும் செம்மண்ணும் கலந்த பாக்கெட்டில், விதையின் கனத்திற்கு மேல் ஆழம் போகாமல் ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் முளை காணலாம். எருவை அள்ளிப் போடுகிற ஆசையை இந்த இடத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். கொழுத்த மண்ணில் வளர்ந்த விராலி, தளதளவென்று நீண்டு, முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும்.

ஒரு ஜாண் உயரம் வந்த நாற்றை, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஆனி ஆடியில் நிலத்தில் வைப்பது உசிதம். வேலியாக வேண்டுமென்றால் செடிக்குச் செடி ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி இடம் விட்டால் போதும். நாள் முழுவதும் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். சவுக்கு மரத்து நிழலில் இதை வைத்துவிட்டு வளரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. முதல் வருஷத்துக் கோடையில் மட்டும் வாரத்திற்கு ஒருமுறை, வேர்வரைக்கும் இறங்கும்படி, நிதானமாக நீர் விட வேண்டும். தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலாகவே பரவி, கீழே போகக் கற்றுக்கொள்ளாது. இரண்டாம் வருஷத்திலிருந்து குழாயை அதனருகில் கொண்டுபோகவே கூடாது. தண்ணீர் தேங்கி வேர் அழுகிச் செத்த விராலி உண்டேயொழிய, மாசி வெயிலில் வாடிச் செத்த விராலியைக் காண்பது அபூர்வம். காய் உதிர்ந்த பிறகு நுனிகளைக் கிள்ளிக் கொடுத்தால் அடர்ந்து கிளைக்கும். இலையே இல்லாத பழைய கட்டைவரை ஒரேயடியாக வெட்டினால், அந்த இடத்தில் மறுபடியும் துளிர்ப்பது சந்தேகம். இன்னொன்று: பெரும்பாலும் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு செடிகளில் வரும். ஒற்றைச் செடியை வைத்துவிட்டுக் காய்க்காகக் காத்திருக்கிறவர் ஏமாந்துபோகலாம். பத்துப் பதினைந்து செடிகளாக வைத்தால் அந்தக் கவலை இல்லை.

அதன் குற்றங்குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ரோஜாவைப் போலவோ டாலியாவைப் போலவோ அது கண்ணைப் பறிக்காது. விடுதிக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் உறுதி கூற மாட்டேன். பிசின் மிகுந்த செடியாதலால் பச்சையாயிருக்கும்போதே நெருப்புப் பற்றும்; கிராமத்தார் அதை நல்ல விறகென்று கொண்டாடுவதும் இதனால்தான். ஆகவே வீட்டுச் சுவரையும் அடுப்படியையும் ஒட்டி அதை வைக்கலாகாது. எல்லைவேலிக்கும் சரிவுக்கும்தான் அது உரியது. காப்பித் தோட்டத்திற்குள்ளும் அதற்கு வேலையில்லை. நான் கேட்பது, வெறும் வெயிலில் கிடக்கிற கரைகளையும் சாலை வெட்டியதால் மண் சரிகின்ற இடங்களையும் மட்டுமே. கல்லிடுக்கில் இறங்கி மண்ணைப் பற்றிக்கொள்ளும் வேருக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது.

சேர்வராயன் மலை அந்நியச் செடிகளுக்குப் புதிதல்ல. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பியையும் பேரிக்காய் முதலிய பழமரங்களையும் கொண்டுவந்து வைத்தார். பின்னாளில் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொம்பாகவும் ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது. இவற்றால் பிழைக்கும் குடும்பங்கள் இன்று ஏராளம். அந்நியமென்ற ஒரே காரணத்துக்காக ஒரு செடியைத் தூஷிப்பவன் அல்லன் நான். ஆனால் எதிர்ப்புறக் கணக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்க உஷ்ணப் பிரதேசத்திலிருந்து அலங்காரத்திற்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, யாரும் நீர் ஊற்றாமலே, இந்த மலைச்சரிவுகளில் ஆள் நுழைய முடியாதபடி அடைத்துக்கொண்டு நிற்கிறது. தமிழக அரசு 2022-ல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களைப் பற்றி ஒரு கொள்கையையே வகுத்து வெளியிட வேண்டியதாயிற்று. உண்ணிச்செடியைப் பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த மழையில் அதுவே திரும்ப வரும். அந்த இடத்தில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு, மரக்கன்று என்பதைத் தவிர வேறு பதில் நம் மனத்தில் உதிப்பதில்லை. புதரென்றால் இழிவு, மரமென்றால் புண்ணியம் என்று எப்படியோ பழகிவிட்டோம். ஒரு முழ மண்ணுள்ள பாறைச் சரிவில் மரக்கன்றை நட்டுப் பெயர்ப்பலகை வைப்பதைவிட விராலியை வைப்பது மேல் என்று சொன்னால், அதைப் பசுமைக்கு விரோதமான பேச்சாகக்கூட எடுத்துக்கொள்வார்கள்.

அபூர்வமானவற்றைப் பேணுவதில் நமக்குச் சிரத்தை இல்லாமலில்லை. இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்புத் துறை ஏற்காட்டில் நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில், ஆர்க்கிட் வகைகளோடு, இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸ் என்ற அருகிப்போன மரத்தையும் பாதுகாத்து வருகிறார்கள். அது போற்றத்தக்க காரியம். ஆனால் ஏராளமாக இருப்பதனாலேயே ஒரு செடி கவனிப்பாரற்றுப் போவதும், வெட்டித் தீர்த்து நாலைந்தாக்கிய பிறகு அதற்குக் கம்பிவேலியும் காவலாளியும் போடுவதும், செலவு மிகுந்த வழக்கம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். மலையில் கட்டடத்திற்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகள், மனையின் எல்லையோரத்தில் ஏற்கெனவே நிற்கும் உள்ளூர்ப் புதர்களை வெட்டாமல் விடுவதை ஒரு நிபந்தனையாக்கலாம். இதற்கு ஒரு காசு செலவில்லை. தோட்டக்கலைத் துறை, வருஷந்தோறும் ஏற்காட்டில் நடக்கும் கோடை விழா மலர்க் கண்காட்சியில், பெட்டூனியாத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் விராலி நாற்றுக்களையும் பாக்கெட்டில் வைத்து விற்கலாம். விழா பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறது. வாங்கிச் சென்றவர் ஒரு மாதம் நிழலில் வைத்திருந்தால், முதல் மழைக்கு அதை நிலத்தில் இறக்கிவிடலாம்.