கடைசிக் குட்டி



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் முற்றத்து முருங்கை பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் மழைக்காலத் தோட்டம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி நோயாளியாக இருந்தது. வேறு எதையும் யோசிக்க அது என்னை விடவில்லை. ஆகவே அதன் கதையையே எழுதுகிறேன். உங்களில் பலர் ஆடு வளர்க்கிறீர்கள். யாராவது ஒருவருக்குப் பயன்பட்டால் போதும்.

கார்த்திகை மழை விடாமல் பெய்த ஓர் இரவில் எங்கள் வெள்ளை மறியாடு மூன்று குட்டி ஈன்றது. முதல் இரண்டும் கிடாய்கள். கொஞ்ச நேரத்திலேயே எழுந்து தாயின் மடியை முட்டத் தொடங்கிவிட்டன. மூன்றாவது மறிக்குட்டி. ஒன்றரைக் கிலோவும் இராது. தாய் அதை நக்கக்கூட இல்லை. வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தேன். வாய் குளிர்ந்திருந்தது.

இந்த இடத்தில்தான் நாங்கள் வழமையாக ஒரு பிழை விடுகிறோம். பதறிப்போய்ப் பாலை வாயில் ஊற்றிவிடுகிறோம். உடம்பு குளிர்ந்த குட்டிக்கு விழுங்கச் சக்தி இராது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுக்குள் போனாலும் செமிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால். எங்களுக்கு 37 பாகை செல்சியஸ் இயல்பான வெப்பம் என்றால் ஆட்டுக்குட்டிக்கு 39 பாகை அளவில் இருக்கவேண்டும். 37க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. நான் பழைய துவாயால் ஈரத்தைத் துடைத்து, இளஞ்சூட்டு நீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைத் துணியால் சுற்றி இரு பக்கமும் வைத்து, சாக்கால் போர்த்திவிட்டேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் தலையைத் தூக்கிக் கத்தியது. வாய்க்குள்ளும் சூடு வந்திருந்தது.

அதன் பிறகு தாயில் கறந்த கடும்புப்பால் கொடுத்தேன். மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து ஓரளவு நோயெதிர்ப்புச் சக்தியைப் பெற்று வருகிறது. ஆட்டுக்குட்டிக்கு அந்த வசதி இல்லை. கடும்புப்பால் ஒன்றுதான் வழி. அதையும் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட்டால் நல்லது. ஒரு நாள் கடந்தால் குடலால் அந்தச் சக்தியை உறிஞ்ச முடியாது. முதல் நாளில் குட்டியின் நிறையில் பத்தில் ஒரு பங்கு பால் போகவேண்டும். எங்கள் குட்டிக்கு 150 மில்லிலீற்றர். அதை ஆறு தடவையாகப் பிரித்துக் கொடுத்தேன். கைக்குழந்தையைப் போல மல்லாத்தி வைத்துப் பருக்கக்கூடாது. நிற்கவைத்து, தலை சற்று மேலே பார்க்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். தொப்புளுக்கு அயடின் பூசினேன்.

அடுத்த நாளிலிருந்து அது என் பேத்தியின் குட்டி. எட்டு வயதுப் பிள்ளை. பஞ்சு என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடம் போகமுன் ஒரு போத்தல், வந்த பின் ஒரு போத்தல். அவள் பாடம் படித்தால் அதுவும் பக்கத்தில் படுத்திருக்கும்.

நாலாம் கிழமை வில்லங்கம் வந்தது.

"அம்மம்மா, பஞ்சு பால் குடிக்குதில்லை" என்று பிள்ளை ஓடிவந்தாள். போய்ப் பார்த்தால் வாலெல்லாம் கழிச்சல். முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. பின்னேரம் கழிச்சலில் இரத்தமும் தெரிந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன். உடனே பழையபடி போகாமல் கிள்ளினபடியே நின்றது. உடம்பில் நீர் வற்றுகிறது என்பதற்கு அது அடையாளம்.

நான் செய்த பிழையை மறைக்கமாட்டேன். வீட்டில் எனக்குத் தந்து மிஞ்சிய மாத்திரை இரண்டு கிடந்தது. வயிற்றோட்டத்துக்குத் தந்ததுதானே என்று அரைவாசியைக் கரைத்துப் பருக்கிவிட்டேன். விடியக் குட்டி எழும்பவில்லை.

பனையோலைக் கடகத்துக்குள் சாக்கை விரித்து அதைக் கிடத்தி, தலையில் ஏந்திக்கொண்டு பஸ் எடுக்கப் போனேன். பஸ் தரிப்பிடத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி ஒருவர் நின்றார். கடகத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன அக்கா, மனிசருக்கே மருந்தெடுக்க வழியில்லை. நீங்கள் ஆட்டுக்குட்டிக்கோ போறியள்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய புருஷனை 1990ஆம் ஆண்டு கொண்டுபோனார்கள். இன்றுவரை ஒரு சொல்லும் இல்லை. அவர் அப்படிக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

கால்நடை வைத்தியர் இளம் பிள்ளை. குட்டியின் கண் இமையின் உட்புறத்தைப் பிரித்துப் பார்த்தார். கழிச்சலில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார். பிறகு விளக்கமாகச் சொன்னார். இது கொக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வருவது. மூன்று கிழமை முதல் ஐந்து மாதம் வரையான குட்டிகளைத்தான் கூடுதலாகத் தாக்கும். ஈரத் தரையும் புழுக்கையும் கலந்த இடத்தில் குட்டி வாய் வைக்க, அது வயிற்றுக்குள் போய்ப் பெருகும். நான் கொடுத்த மாத்திரையைப் பற்றிச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை.

"அம்மா, மனிசற்ற மருந்தை இதுக்குக் குடுக்கக்கூடாது. ஆட்டின்ர வயித்துக்குள்ள குழையைச் செமிக்கச் செய்யிற கிருமியள் இருக்கு. அந்த நல்ல கிருமியளையும் அது கொண்டுபோடும். இனி எது எண்டாலும் எங்களிட்டக் கேளுங்கோ" என்றார்.

நிறை பார்த்து அதற்கேற்ற மருந்து தந்தார். எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதியும் தந்தார். குட்டி தேறியது போலத் தெரிந்தாலும் இடையில் நிறுத்தக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார். மருந்தைவிட முக்கியம் நீர்ச்சத்து என்றார். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஜீவனியே போதும். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். மிஞ்சினால் ஊற்றிவிட வேண்டும். ஜீவனி கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

தீவகத்துச் சகோதரிகள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். எங்கள் கிணறுகளில் பல உவர். உவர்த் தண்ணீரில் ஜீவனியைக் கரைத்தால் உப்பு மிதமிஞ்சிப் போகும். அது குட்டிக்கும் கூடாது, குழந்தைக்கும் கூடாது. சாட்டிப் பக்கத்து நல்ல தண்ணீரோ பவுசரில் வரும் குடிதண்ணீரோ எதுவானாலும், நாங்கள் குடிக்கும் நீரில்தான் கரைக்கவேண்டும்.

குட்டி அப்போது மூன்றரைக் கிலோ. ஒரு தடவைக்கு 100 மில்லிலீற்றர் வீதம் நாளுக்கு நாலைந்து தடவை ஜீவனி கொடுத்தேன். பாலை முற்றாக நிறுத்தவில்லை. இரண்டு மணித்தியால இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். மற்றக் குட்டிகளோடு சேர்க்காமல் திண்ணையில் வைத்தேன். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவும்படி பேத்திக்குக் கட்டளை. கழிச்சல் நோய்களில் சில மனிதருக்கும் தொற்றும்.

அன்றிரவு பிள்ளை அழுதழுது நித்திரையானாள். நான் குட்டியோடு திண்ணையில் இருந்தேன். மழை இல்லை. அதன் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது 35 வருடமாக நான் யாருக்கும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது.

1990 ஆகஸ்டில் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எங்கள் ஆடு குட்டி போட்டு ஒரு கிழமை. அப்போது எனக்கு 24 வயது. ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஆட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். "போய்ப் பிழைச்சுக் கொள்" என்று அதன் முதுகில் தட்டினார். குட்டி எங்களுக்குப் பின்னால் படலை வரை வந்து கத்தியது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வள்ளத்தில் அராலிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். பிறகு 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி அங்கிருந்தும் எழும்பினோம். வன்னி, முகாம் என்று எத்தனையோ பேரை இழந்தோம். அத்தனை சாவுக்கு நடுவில் ஓர் ஆட்டுக்குட்டிக்காக அழுவது வெட்கம் என்று நினைத்தேன். ஆகவே அழவில்லை. அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை.

அன்றிரவு அழுதேன். யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கழிச்சல் இறுகியது. ஐந்தாம் நாள் போத்தலைக் கண்டதும் கத்தியது. பஞ்சு பிழைத்துவிட்டது. ஆனால் அண்ணன்மார் இருவரையும்விடச் சிறிதாகத்தான் இருக்கிறது. இந்த நோய் குடலைக் காயப்படுத்துவதால் சில குட்டிகள் வளர்த்தியில் பின்தங்கும் என்று வைத்தியர் முன்னமே சொல்லியிருந்தார்.

இப்போது கொட்டிலைத் திருத்தியிருக்கிறோம். பனஞ்சலாகை அடித்து, புழுக்கை கீழே விழும்படி இடைவெளி விட்டுத் தரையை உயர்த்தினோம். குட்டியின் கால் அகப்படாத அளவுக்குத்தான் இடைவெளி இருக்கவேண்டும். பூவரசங்குழையையும் கிளிசீரியாவையும் நிலத்தில் போடாமல் உயரக் கட்டித் தொங்கவிடுகிறோம். தண்ணீர்ச் சட்டியை நாளாந்தம் கழுவுகிறோம்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தத் தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். "உங்கட குட்டி என்ன மாதிரி?" என்று கேட்டுக்கொண்டே திண்ணையில் இருந்தார். பஞ்சு போய் அவருடைய சேலைத் தலைப்பைச் சப்பத் தொடங்கியது. அவர் அதைப் பறிக்கவில்லை.

"அக்கா, நாங்களும் ஒரு பசுமாட்டைக் கட்டினபடி விட்டிட்டுத்தான் ஓடினது. அவிழ்த்துவிட நேரமில்லை. இவரைத் தேடி ஓடின ஓட்டத்தில அதை மறந்திட்டன்" என்றார்.

நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். இருவரும் இருட்டும்வரை இருந்து கதைத்தோம். அந்த மாட்டுக்கு லட்சுமி என்று பெயராம். நெற்றியில் வெள்ளைச் சுட்டியாம். இவ்வளவு காலமும் அவரோடு ஒரே ஒழுங்கையில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் குட்டி ஏதும் சோர்ந்து கிடந்தால், முதலில் வாய்க்குள் விரலை வைத்துச் சூடு பாருங்கள். பிறகு உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். வழியில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மழைக்காலத் தோட்டம் பற்றி அடுத்த மாதம் கட்டாயம் எழுதுவேன்.