டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் வரலாறு



நூதனசாலை என்றதும் அரசர்களின் வாளும் கிரீடமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நமது கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் யார் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள் என்று எண்ணுகிறோம். அப்படி வைத்த இடம் ஒன்று மலையகத்திலேயே இருக்கிறது. கம்பளைக்கு அருகில் பரதெக்கவில், தோட்டத் தொழிலாளருக்கான நூதனசாலை ஒன்றைச் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007ஆம் ஆண்டு அமைத்தது. அதற்கென்று மாளிகை எதுவும் கட்டவில்லை. பழைய லயக் காம்பராக்களே நூதனசாலையாயின. நம்மவர்கள் புழங்கிய பாத்திர பண்டங்களும், வேலைக் கருவிகளும், பழைய பத்திரங்களும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளன.

கண்டி ஹந்தானையிலும் ஒரு தேயிலை நூதனசாலை உண்டு. 1925இல் கட்டிய தொழிற்சாலையில் 2001இல் அது திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களையும் அங்கே பார்க்கலாம். அதுவும் தேவையான வரலாறுதான். ஆனால் இயந்திரத்துக்குக் கொழுந்து கொண்டுவந்து கொட்டியவர்களின் கதையை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

பழைய கடதாசியைக் காப்பாற்றி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நமது மக்களின் வாழ்வையே கடதாசிதான் தீர்மானித்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1949ஆம் ஆண்டின் சட்டப்படி பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள், தொடர்ந்து பல ஆண்டுகள் இந்த நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் முடிவு செய்தது. பின்னர் வந்த 2003ஆம் ஆண்டின் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இங்கு வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. ஒரு சம்பளத் துண்டும் ஒரு பிறப்புப் பதிவும் எவ்வளவு பெறுமதியானவை என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. தோட்டங்களில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அதற்கு முந்திய சம்பளத் துண்டு யாரிடமாவது இருந்தால், நமது அம்மாமார் பட்ட அநியாயத்துக்கு அதுவே எழுத்துச் சாட்சி.

போர் நம்மிடமிருந்து உயிர்களை மட்டும் பறிக்கவில்லை. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய நம்மவர்கள், அங்கும் போரினால் இடம்பெயர்ந்தார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் பத்திரங்கள் தொலைந்தன. கணவனின் ஒரு படம்கூட இல்லாமல் வாழும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அழிந்தன. நமது பதுளை மாவட்டத்திலேயே 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எதையும் ஒரே இடத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது என்பதே இவற்றிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம்.

இனி, வீட்டில் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம்.

பத்திரங்களையும் படங்களையும் நிலத்திலோ ஈரச் சுவரோரத்திலோ வைக்காதீர்கள். ஸ்பிரிங்வெளி போன்ற பனி மூடும் இடங்களில் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து உயரமான இடத்தில் வையுங்கள். வெயிலான நாளில் நிழலில் காற்றாட வைத்து எடுங்கள். கிழிந்த கடதாசியைப் பசை நாடாவால் ஒட்ட வேண்டாம். அது நாளடைவில் மஞ்சளித்துக் கறையாகும். பழைய பத்திரத்தை லெமினேட் செய்யவும் வேண்டாம். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று மெதுவாக எழுதுங்கள். பெயர் வெட்டிய செம்பு, குடம் இருந்தால் புளி போட்டு அடிக்கடி தேய்க்காதீர்கள். எழுத்துத் தேய்ந்து போகும்.

எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, வேறு ஊரில் உள்ள உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், இலங்கைத் தமிழரின் நூல்களையும் ஆவணங்களையும் கணினியில் பிரதி செய்து பாதுகாத்து வருகிறது.

நூதனசாலைக்குப் பொருள் கொடுக்க விரும்பினால் சில விடயங்களை முதலில் கேளுங்கள். இது இனாமா, இரவலா? பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தருவார்களா? எழுத்தில் பற்றுச்சீட்டுக் கிடைக்குமா? அந்தப் பொருளைப் பயன்படுத்திய பெண்ணின் பெயரை எழுதி வைப்பார்களா? “ஒரு தொழிலாளியின் கூடை” என்பதைவிட அவளது பெயரோடு இருக்கும் கூடைதான் வரலாறு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம், மரணச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அவை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பொருள் இல்லாதவர்களிடம் நினைவுகள் இருக்கின்றன. பிரட்டுக் களம், பிள்ளைக் காம்பரா, காமன் கூத்து, தப்பு அடிக்கும் முறை, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் மூத்தவர்களோடு போய்விடக் கூடாது. அவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆனால் சம்மதம் கேட்டே செய்ய வேண்டும். போரில் நடந்ததைச் சொல்ல ஒருவருக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. சொல்வது போலவே, சொல்லாமல் இருப்பதும் அவரது உரிமை. பதிவை யார் கேட்கலாம், பெயரை வெளியிடலாமா என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும்.

ஸ்பிரிங்வெளியில் உள்ள மாதர் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பழைய பொருளையோ படத்தையோ கொண்டுவரச் சொல்லுங்கள். வயதானவர்கள் அதன் கதையைச் சொல்ல, பாடசாலைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதட்டும். மாலையில் பொருட்கள் வீடு திரும்பட்டும், கொப்பி சங்கத்தில் இருக்கட்டும். அதன் பிரதியொன்றைப் பாடசாலை நூலகத்துக்கும் கொடுங்கள். இதற்குச் செலவு அதிகம் இல்லை.

2023ஆம் ஆண்டு, நம்மவர்கள் இங்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றார்கள். அந்த வழியில் முதன்முதலாக நடந்து வந்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. நமது பேத்திகள் நம்மைப் பற்றி அப்படிச் சொல்லும் நிலை வரக் கூடாது. இந்த வாரமே பெட்டியைத் திறந்து, முதலில் ஒரு படத்தின் பின்னால் பெயரை எழுதுங்கள், சகோதரிகளே.