வாடகை பாக்கியும் குற்ற வழக்கும்

வாடகை பாக்கி, முன்பணம், ஒத்திப் பணம் ஆகியவற்றை முன்னிட்டு வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே எழும் பூசல், இயல்பில் உரிமையியல் நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கொடுக்கல் வாங்கல் தகராறே ஆயினும், பல இடங்களில் அது காவல் நிலையத்தில் புகாராகி, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதில் தொடங்கி, முதல் தகவல் அறிக்கை வரை வளர்ந்துவிடுகிறது. இப்போக்கு இரு தரப்புக்கும் தீங்கானது. எழுத்து ஆவணம் ஏதுமில்லாத எளியவருக்கோ பெருந்தீங்கு.

கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மன்னவனூருக்கும் அப்பால் உள்ள பூண்டி போன்ற மலைச் சிற்றூர்களில், வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு நிலங்களுக்கு இடையே சுற்றுலாத் தங்குமிடங்களும் இடம்பெற்றுவிட்ட நிலையில், இக்கேள்வி நகரத்துக்கு மட்டும் உரியதன்று. ஏப்ரல், மே மாதச் சீசனை நம்பி ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுப்பவர், மழையாலோ வேறு தடையாலோ வருமானம் குன்றித் தவணை தவறினால், அவர் கடனாளி ஆகிறாரேயன்றிக் குற்றவாளி ஆவதில்லை.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் தெளிவாக வரையறுத்துள்ளது. உத்தரப் பிரதேசத்தில் வாடகை செலுத்தாத ஒருவர்மீது பதிவான முதல் தகவல் அறிக்கையை 2022 மார்ச்சில் ரத்து செய்த அந்நீதிமன்றம், வாடகை தராமை உரிமையியல் விளைவுகளைக் கொண்டதே தவிர, தண்டனைச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று கூறி, பாக்கியை வசூலிக்கும் உரிமையியல் வழியை வீட்டு உரிமையாளருக்குத் திறந்தே வைத்தது. ஏமாற்றுதல் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வரும் குற்றம். பணம் பெறும் அந்த நேரத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்ததென்று காட்டினாலன்றி அது நிலைநிற்காது.

இவ்வெல்லை மங்கும் இடம் ஒத்தி. மாத வாடகைக்கு மாற்றாக, சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துக் குறிப்பிட்ட ஆண்டுகள் குடியிருந்து, காலம் முடிந்ததும் முழுத் தொகையையும் திரும்பப் பெறும் இந்த ஏற்பாடு, பத்திர வழக்கில் சுவாதீன அடமானம் எனப்படும். வாங்கிய பணத்தை மகள் திருமணத்துக்கோ பழைய கடனுக்கோ செலவிட்டுவிட்ட உரிமையாளர், அடுத்து ஒத்திக்கு வருபவர் தரும் தொகையைக் கொண்டே முன்னவருக்குத் திருப்ப முடியும்; புதியவர் கிடைக்காத வரை பழையவர் அலைக்கழிக்கப்படுகிறார். இது துயரம், ஆயினும் இதனாலேயே மோசடி ஆகிவிடாது. ஏற்கெனவே ஒத்திக்கு விட்ட வீட்டையே, அதை மறைத்து, வேறொருவருக்கும் ஒத்திக்கு விட்டுப் பணம் பெறுவதோ தொடக்கத்திலேயே வஞ்சம் கலந்த செயல். அங்கே காவல் துறை தயங்கக் கூடாது.

வாடகைக்காகக் கொடுத்த காசோலை போதிய பணமின்றித் திரும்பினால், 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பி, 15 நாள் அவகாசம் தந்த பின்னும் தொகை வராதபோது குற்ற வழக்கு தொடரலாம். பாக்கியைக் காரணமாக்கிப் பூட்டை உடைத்துப் பண்டபாத்திரங்களை வெளியே எறிவதும், ஆள்வைத்து மிரட்டுவதும் உரிமையாளரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்.

உரிமையியல் வழக்கு நெடுங்காலம் இழுக்கும் என்ற எண்ணமே மக்களைக் குற்ற வழக்கின் பக்கம் தள்ளுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2006இல், சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் தொடர்பான தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. அந்த எண்ணம் மாற வேண்டுமெனில், ஆவணம் முந்த வேண்டும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின்படி 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சுவாதீன அடமானமும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் பதிவு செய்யப்பட வேண்டும். அவ்வாறு பதிவான ஒத்திப் பத்திரம் கையிலிருந்தால், பணம் திரும்பும் வரை வீட்டைத் தம் வசம் வைத்திருக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. பதிவுச் செலவுக்கு அஞ்சி வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்திட்டவர், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தும் அந்தப் பிடிமானத்தை இழக்கிறார். ஆகவே பதிவுக் கட்டணத்தைச் சிறு ஒத்திகளுக்குக் குறைப்பது அரசின் கடமை. புகார் வந்தவுடன், வஞ்சம் தொடக்கத்திலேயே இருந்ததா, வறுமை பின்னர் வந்ததா என்று விசாரித்தறிவது காவல் துறையின் கடமை.