ஒரு முட்டை போதும்

செல் சவ்வைப் படம் வரைந்து மார்க் வாங்கிவிட்டோம். அதைச் செய்து பார்த்தால் என்ன?

1965-ல் இங்கிலாந்தில் அலெக் பாங்காம் குழுவினர் எடுத்துக்கொண்டது முட்டைக் கருவிலுள்ள லெசித்தின்தான். மெல்லிய படலமாகக் காயவைத்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகக் கொழுப்புக் குமிழ்கள் தாமாகவே உருவாகும். உள்ளே மாட்டிய உப்பு மெதுவாகத்தான் கசியும், செல்லில் நடப்பது போலவே! 2021-ல் கருப்புப் பூஞ்சைக்குத் தட்டுப்பாடான ஆம்போடெரிசின் ஊசியிலும் மருந்து இப்படிப்பட்ட குமிழில்தான் இருந்தது.

ஆமத்தூரில் வெடிக்குழாய் உருட்டும் அம்மாவிடம் சொன்னேன். "திங்கிற முட்டையைக் கொட்டவாடா படிக்க அனுப்புனேன்?" என்றார். அவர் கேட்டது நியாயம். ஒரு முட்டைக்கு எத்தனை குழாய் உருட்டணும் என்று எனக்கும் தெரியும். ஆனால் லேபிலும் அதே பதில்தான் வருகிறது. குடுவை இருக்கு, குளோரோஃபார்ம் இருக்கு, முட்டை நான் கொண்டு வர்றேன். அனுமதியைச் சங்கம் வாங்கித் தரட்டும்.