மரபணு தாவினால் வம்சம் இல்லையென்று ஆகுமா?

இந்த முறை ஊருக்குப் போனபோது சித்தூரில் நாலு நாள், திருப்பதியில் மாமா வீட்டில் ரெண்டு நாள். சாப்பிட உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்தார்.

"ஏண்டா, மரபணுவெல்லாம் ஒரு உயிரிலிருந்து இன்னொண்ணுக்குத் தாவுதாமே? அப்புறம் எங்கே பொது மூதாதை? நியூ சயின்டிஸ்ட்காரனே 2009ல டார்வின் தப்புன்னு அட்டையில போட்டானே!"

பத்தாவது படிக்கும் அவர் பேத்தியும் என் மகளும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அட்டை வந்தது நிஜம். மரபணு தாவுவதும் நிஜம். முடிவுதான் தப்பு.

நமக்குக் கிட்டத்து உதாரணம் என்டிஎம்-1. 2010ல் அது பரவுவதைப் பற்றி வந்த லான்செட் குழும ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்தையே முறிக்கும் மரபணு அது. பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் ஏறி ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்று பாக்டீரியாக்களுக்குள் தாவுகிறது. சரி, புது வீட்டில் அது எப்படி வேலை செய்கிறது? இரண்டும் ஒரே மரபுக் குறியீட்டைப் படிப்பதால்தான். எழுத்தே தெரியாதவனிடம் கடுதாசி கொடுத்து என்ன பயன்? தாவல், உறவுக்கு எதிரான சாட்சி அல்ல, உறவுக்கே சாட்சி.

சித்தூர்க்காரர்களுக்கு இது புரியாதா என்ன? எங்கள் வீட்டுத் தமிழில் பாதி தெலுங்குச் சொல். அதனால் தமிழுக்கு வம்சம் இல்லையா? இரவல் சொற்களை ஒதுக்கிவிட்டு, வேர்களை ஒப்பிட்டுத்தானே தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பம் என்று 1816லேயே எல்லிஸ் காட்டினார்? மரபணுவிலும் அதே வேலைதான் நடக்கிறது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அடிவேரில், நுண்ணுயிர்களின் ஆதிக்காலத்தில், மரத்தைவிட வலைதான் பொருத்தமான படம் என்று ஃபோர்ட் டூலிட்டில் 1999ல் வாதாடினார். அந்தச் சண்டை உண்மையானது. ஆனால் அது உறவின் வடிவம் பற்றிய சண்டை. உறவே கிடையாது என்பதல்ல. மேலே கிளைகளுக்கு வாருங்கள்: திருமலைப் பாறைகளில் இருக்கும் தங்கப் பல்லியின் பேரினத்தில் உலகத்திலேயே இரண்டே இனங்கள். இன்னொன்று இலங்கையில். இதை எந்தத் தாவல் விளக்கும்?

மாமாவிடம் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் 2023ல் பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தவர்கள் மேல்தான். 1,800க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பாடம் இருந்தால் பேத்தியே தாத்தாவை மடக்கியிருப்பாள்.

வெளிநாட்டில் நம் பிள்ளைகள் இதைப் பள்ளியில் படித்துவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? அடுத்த முறை போகும்போது சாக்லேட்டோடு ஒரு நல்ல உயிரியல் புத்தகமும் பெட்டியில் வையுங்கள். நான் வைக்கப்போகிறேன்.