பழைய ராணுவத் துப்பாக்கி: உருக்குவதா? காப்பதா?

ஆறுமுகநேரி உப்பு விளையும் ஊர். அதே கடற்கரையில், சற்றுத் தெற்கே இருப்பது குலசேகரன்பட்டினம். 1942 ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் மூண்டது. செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் இளைஞர்கள் புகுந்தார்கள். அங்கு நடந்த மோதலில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். ராஜகோபாலன், காசிராஜன் ஆகிய இருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அவர்கள் தூக்கிலிருந்து தப்பி, விடுதலை பெற்றார்கள்.

அந்த நாளில் வெள்ளையர் ஆட்சியைத் தாங்கி நின்ற ஆயுதம் "303" துப்பாக்கி. சுதந்திரத்துக்குப் பிறகு அதே துப்பாக்கி நம் படைக்கும் போலீசுக்கும் துணையானது. 1962-ல் சீனப் படையை எதிர்த்த நம் வீரர்கள் கையில் இருந்ததும் அதுதான். 2008-ல் மும்பை ரெயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் சுட்டபோது, போலீசாரிடம் இருந்ததும் அதுதான்.

இன்று அதற்கு ஓய்வு கொடுக்கிறார்கள். உத்தரபிரதேச போலீசார் 2020 ஜனவரி 26-ந் தேதி, குடியரசு தின அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தார்கள்.

ஓய்வு பெற்ற துப்பாக்கியை என்ன செய்வது? இதுதான் கேள்வி.

துப்பாக்கி பேசும்!

பழைய துப்பாக்கி வெறும் இரும்பு அல்ல. அதன் வரலாறு அதன் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. மரக்கட்டை இரும்போடு சேரும் இடத்தில், வலது பக்கம் பார்க்க வேண்டும். கிரீடமும் "ஜி.ஆர்." என்ற எழுத்தும் இருந்தால், அது ஜார்ஜ் மன்னர் காலத்தது. அதன் கீழே "என்பீல்டு" என்று இருந்தால் இங்கிலாந்து. "லித்கோ" என்றால் ஆஸ்திரேலியா. "இஷாப்பூர்" என்றால் நம் வங்காளம். செய்த ஆண்டும் அங்கேயே இருக்கும். கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்திருந்தால், அது சுதந்திர இந்தியாவின் துப்பாக்கி!

குழலில் உள்ள எண்ணும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். வேறு வேறாக இருந்தால், இடையில் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இஷாப்பூர் தொழிற்சாலை இன்னொரு வகையும் செய்தது. அதன் பெயர் "410 மஸ்கட்". 303 துப்பாக்கியின் வடிவம்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போட முடியும். ராணுவத் தோட்டாவுக்காக அது செய்யப்படவில்லை. போலீசாரிடமிருந்து அது பறிபோனாலும், ராணுவத் துப்பாக்கி போல அதைப் பயன்படுத்த முடியாது. அடிமை நாட்டை ஆண்டவர்களின் அச்சத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு சாட்சி வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இஷாப்பூர் துப்பாக்கிகள் பல அமெரிக்காவுக்கு விற்கப்பட்டன. அங்கே சேகரிப்போர் அவற்றை ஆசையோடு வாங்கி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி முடியாது. 303 துளை பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. தடை செய்த துப்பாக்கியைத் திருட்டுத்தனமாக வைத்திருந்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை.

இந்தக் கண்டிப்பு தவறல்ல. நூறு வயதான துப்பாக்கியும் ஆளைக் கொல்லும். ஆனால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது.

ஆகவே உருக்குவது ஒன்றே வழி என்று இல்லை. எல்லாவற்றையும் காக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை எடுத்து, சுட முடியாதபடி செய்து, மாவட்ட அருங்காட்சியகங்களில் வைக்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. தூத்துக்குடிச் சீமையின் பிள்ளைகளும் தங்கள் பக்கத்துச் சரித்திரத்தைக் கண்ணால் காண வேண்டாமா?

வீட்டில் இருந்தால்?

தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்தால், அதைத் துடைக்கவோ, விசையை இழுத்துப் பார்க்கவோ கூடாது. உள்ளே தோட்டா இருக்கலாம். பிள்ளைகளை அருகே விடக் கூடாது. உடனே போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், வாரிசுகள் துப்பாக்கியைத் தாமதம் இன்றிப் போலீஸ் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்படிச் செய்தால் வீட்டுக்கும் ஆபத்து இல்லை. அதில் பொறித்த சரித்திரமும் பரணில் துருப்பிடிக்காது.