கருந்தோள் பருந்து

இம்மாதம் நாம் காணவிருப்பது கருந்தோள் பருந்து. ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் பகுதிப் பறவையைக் கொண்டே 1789-இல் பிரெஞ்சு அறிஞர் டெஃபொன்டேன் இதனை விவரித்தார். ஆயினும் இது நமக்கு அயலதன்று. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களிலும், இடுக்கியிலிருந்து குமுளி வழியே மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கிலும் மின்கம்பிகளின்மேல் அமர்ந்திருக்கும்.

உருவில் காக்கையினும் சிறியது. வெண்சாம்பல் உடல், கரிய தோள், சிவந்த கண். அந்தரத்தில் சிறகடித்து ஒரே இடத்தில் நின்று, கால்களைத் தொங்கவிட்டு இறங்கி எலியைப் பற்றும். இரை மிகுந்த இடத்தை நாடிப் பெயர்ந்து செல்லும். பிழைப்பு நாடி எல்லை கடந்த நமக்கு இவ்வியல்பு புதிதன்று.

உழவர்க்கு இது கூலி கேளாக் காவலாள். நாமோ எலிக்கு நஞ்சு வைக்கிறோம். நஞ்சுண்ட எலியைத் தின்னும் பருந்தும் மடியக்கூடும். காவல் குறைந்தால் எலியே பெருகும். ஆதலின் வயலுடையோர் வரப்பிலுள்ள வளைகளை வெட்டி அடைத்து, வயல் நடுவே பறவை அமரக் குச்சிகள் நாட்டுவார்களாக. நஞ்சு வைத்தே தீரவேண்டுமெனில், செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைத்தல் நம் கடமையாகும்.